பென்சிலில் எழுதிய நாலு வரி

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை நாலு கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எல்லாமே கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை. எழுதியவர்களை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமான பதில் தேவைப்படுகிறது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. கம்பம் பக்கத்தில் ஊர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறேன். விடியக்காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு, அதாவது மலைப்பாதை, ஏறினால், சாயங்காலம் அவர்களைத் திரும்ப ஏற்றுகிற வரைக்கும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சும்மாதான் கிடக்க வேண்டும். அந்த நேரம் பூராவும் போனில் அசிங்கப் படம்தான். நாலைந்து வருஷமாக அதுவும் போதாமல் காசு கொடுத்து லாட்ஜுக்கும் போகிறேன். சீட்டு எடுத்த பணம் அதிலேயே கரைந்துவிட்டது. தை மாதம் வீட்டில் தெரிந்துபோய், அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்கும்போது எனக்கே சந்தோஷம் இல்லை. ஆனால் விட முடியவில்லை. வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறேன். 41 நாளும் அந்த நினைப்பே வராது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால் ரெண்டு நாள்கூடத் தாங்காது. அதிலும் சீசனில் ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற அன்றைக்குக் கட்டாயம் தவறிவிடுவேன். ஏன் என்று எனக்கே புரியவில்லை.

சின்ன வயதில் லீவுக்கு அப்பா வேலை பார்த்த தோட்டத்துக்குப் போவேன். அப்போது ஒன்பது வயது. ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோரில் ராத்திரி அடுப்புக்கு விறகு தள்ள இருந்தவர் எங்களுக்குச் சொந்தம். குளிருக்கு அடக்கமாக இருக்கும் என்று என்னையும் அங்கேயே படுக்க விடுவார்கள். ரெண்டு வருஷம் அவர் என்னிடம் தப்பாக நடந்தார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? இல்லை, நான் பிறவியிலேயே கெட்டவனா?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் மூன்று பக்கம். எல்லாம் நீலப் பேனா. ஸ்டோரைப் பற்றிய அந்த நாலு வரி மட்டும் பென்சில். மை தீர்ந்துபோயிருக்குமோ என்று புரட்டிப் பார்த்தேன். அதற்குக் கீழே மறுபடியும் நீலப் பேனாதான். வேண்டாம் என்று தோன்றினால் அழித்துவிடலாம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அழிக்காமல் தபாலில் போட்டீர்கள். 27 வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கேட்டதற்கு நேரடியாகப் பதில். சம்பந்தம் உண்டு. நீங்கள் பிறவியில் கெட்டவர் இல்லை.

மூட்டை ஏற்றுகிற அன்றைக்கு ஏன் தவறுகிறோம் என்று புரியவில்லை என்கிறீர்கள். எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நானும் ஸ்டோர் வாசத்தில் வளர்ந்தவள். என் அப்பா வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் பார்த்தார். பச்சைக்காய் அஞ்சு கிலோ போட்டால் உலர்ந்த காய் ஒரு கிலோ வரும். அந்த நாலு கிலோ ஈரமும் ராத்திரியெல்லாம் ஆவியாகி, தட்டுத் தட்டாக அடுக்கிய அந்த அறைக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். கதவைத் திறந்தால் சூடும் ஏலமும் விறகுப் புகையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். எனக்கு அது அப்பாவின் சட்டை வாசம். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாசம் வந்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். உங்களுக்கும் அதே வாசம்தான், ஆனால் அது கூட்டிக்கொண்டு போகிற இடம் வேறு. மூட்டை வண்டியில் ஏறுகிறது, உங்கள் உடம்பு ஒன்பது வயதுக்குப் போய்விடுகிறது. மனசுக்கு அது தெரிவதில்லை. நெஞ்சு படபடக்கும், அல்லது உடம்பே மரத்துப்போன மாதிரி இருக்கும். அதிலிருந்து தப்பிக்கக் கை போனைத் தேடுகிறது. இத்தனையும் நாலைந்து நிமிஷத்துக்குள் நடந்துவிடுவதால் உங்களுக்குத் தெரிவது கடைசிப் படி மட்டும்தான்.

இப்போது மாலைக்கு வருகிறேன். மண்டல விரதம் கார்த்திகையில் வருகிறது. அது காய் சீசனும்கூட. அந்த 41 நாளிலும் நீங்கள் மூட்டை ஏற்றியிருப்பீர்கள், அதே வாசம் வந்திருக்கும். ஆனால் தவறவில்லை. நிறைய பேர் இதைப் பார்த்துவிட்டு, ‘அப்போ மனசு வைத்தால் முடிகிறது, மற்ற நாளில் திமிர்’ என்று சொல்வார்கள். நீங்களும் உங்களை அப்படித்தான் திட்டிக்கொள்கிறீர்கள். அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறீர்கள். ராத்திரி மற்ற சாமிகளோடு தரையில் வரிசையாகப் படுக்கிறீர்கள். தனியாகச் சாப்பிடுவது கிடையாது, தனியாகத் தூங்குவது கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரை உங்களைப் பார்த்து ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். வருஷம் முழுக்கத் தன்னை அழுக்கு என்று நினைக்கிற ஒருவரை ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. மறுபடியும் தனி ஜீப், தனிப் போன், அதே பழைய ஆள். விரதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்களுக்கு எது உதவுகிறது என்பதை அது ஒவ்வொரு வருஷமும் காட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டு, ஒழுங்கு, மரியாதை.

அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்று ஒரு டாக்டர், 1980களில் உடல் பருமனைக் குறைக்கிற கிளினிக் நடத்தினார். நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் ஓடிப்போனார்கள். ஏன் என்று உட்கார்ந்து கேட்டபோது, பலர் சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கு அந்தப் பருத்த உடம்பே ஒரு மதில். டாக்டர் நோய் என்று நினைத்தது அவர்களுக்கு மருந்தாக இருந்தது. அதற்குப் பிறகு அவரும் ராபர்ட் ஆண்டா என்ற இன்னொரு டாக்டரும் ஆயிரக்கணக்கான பேரிடம் சின்ன வயது அனுபவங்களைக் கேட்டு 1998இல் வெளியிட்டார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர், அம்மா அடிவாங்குவதைப் பார்ப்பது போல ஏழு வகை கேட்டார்கள். நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, ஒன்றுமே படாதவர்களைவிடக் குடிப் பழக்கமும் போதையும் தற்கொலை முயற்சியும் வருகிற வாய்ப்பு நாலிலிருந்து 12 மடங்கு. வாழ்க்கையில் 50 பேரோடோ அதற்கு மேலோ உடலுறவு வைப்பதும் பால்வினை நோயும் இரண்டிலிருந்து நாலு மடங்கு. உங்கள் கதையும் அதே தடத்தில்தான் போகிறது. உங்கள் போன் ஒன்பது வயதுப் பையனுக்குக் கிடைத்த வலிமாத்திரை. வலி அப்படியே இருப்பதால் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போய், இப்போது மாத்திரையே விஷமாகிவிட்டது.

ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்பது நம் ஊரில் ஆழமாக ஊறிய பேச்சு. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007இல் அறிக்கை விட்டது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கும் கொஞ்சம் மேலே, 52.94 சதவீதம், ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிய இடத்தில் இருந்தவர்கள். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று அனுப்பிய உங்கள் அப்பாவுக்கு இது தெரிந்திருக்காது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசனைக்கு என்னிடம் வருகிற ஆண்கள் இதை நாலாவது, அஞ்சாவது முறை வரும்போதுதான், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் சொல்வார்கள். ‘அப்போ என் உடம்பும் ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சே’ என்பார்கள். ‘அவர் வாங்கிக் கொடுத்த பரோட்டாவுக்காக நானே போனேன்’ என்பார்கள். உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் இதைக் கேளுங்கள். தொட்டால் உடம்பு எதிர்வினை காட்டும். வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வருகிற மாதிரிதான் அது. துக்கத்தால் அழுதோம் என்று யாரும் சொல்வதில்லை. பரோட்டாவுக்குப் போனது பசித்த பிள்ளை. ஒன்பது வயதுக்குச் சம்மதம் என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் 18 வயது வரைக்கும் அப்படித்தான் சொல்கிறது. அதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசமும் இல்லை.

இதற்குப் பெயர் என்ன என்று கேட்பீர்கள். ஊரில் ‘செக்ஸ் அடிக்‌ஷன்’ என்கிறார்கள். டாக்டர்களுக்குள் அந்தச் சொல்லில் சண்டை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013 பதிப்பில் இதைச் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் சேர்த்தது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிற அதன் நோய்ப் பட்டியலில் ‘கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று இருக்கிறது. எத்தனை தடவை என்பது அங்கே கணக்கில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ அடக்க முடியாமல், வேலை, குடும்பம், உடம்பு கெடுவது தெரிந்தும், சந்தோஷம் இல்லாமல்போன பிறகும் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. கேம்ப்ரிட்ஜில் வாலரி வூன் குழுவினர் இந்தச் சிக்கல் உள்ள 19 ஆண்களின் மூளையை ஸ்கேனில் பார்த்து 2014இல் எழுதினார்கள். மற்ற ஆண்களைவிட இவர்களுக்கு வேட்கை அதிகம். ஆனால் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் மற்றவர்களைவிட அதிகமாகப் பிடிக்கவில்லை. ‘பார்க்கும்போது எனக்கே சந்தோஷம் இல்லை’ என்று நீங்கள் எழுதிய அதே வரி.

உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு குறிப்பு உண்டு. ‘இது பாவம், நான் தப்பு செய்கிறேன்’ என்ற குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது. கல்யாணமாகாத பையன் எப்போதாவது சுய இன்பம் செய்துவிட்டு வாழ்க்கையே போச்சு என்று அழுதால் அவனுக்கு இந்தக் கோளாறு இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், பஸ் ஸ்டாண்ட் லாட்ஜில் ரூம் போட்டு, நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு என்று பயமுறுத்திப் பொட்டலம் விற்கிறவர்களிடம் நம் பையன்கள் கடன் வாங்கிக் கொட்டுகிறார்கள். அப்படி விளம்பரம் செய்வதே 1954ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். தம்பி, நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இங்கே என் தப்பு ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் உங்களை மாதிரியே ஒருவர் வந்தார். சின்ன வயதில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ‘பழசை விடுங்க, நடக்கப்போறதைப் பாருங்க’ என்றேன். தைரியம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. ஒரு மனுஷன் முதன்முதலாகத் திறந்த கதவை நான் சாத்தினேன். அவர் முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி செய்ய வேண்டியது. க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால் எனக்கு எழுதியதையே இன்னொரு தாளில் எழுதிக் கொடுங்கள், பென்சிலிலேயே இருந்தாலும் பரவாயில்லை. போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தூக்கமின்மையோ மனச்சோர்வோ சேர்ந்திருந்தால் டாக்டர் மாத்திரை தருவார். அதை அவர் முடிவுக்கு விடுங்கள். பேச்சு சிகிச்சைதான் நீளமானது. நல்ல ஆலோசகர் முதல் நாளே ஸ்டோர் ராத்திரியைத் தோண்ட மாட்டார். முதலில் தூக்கம், தினசரி ஒழுங்கு, வேட்கை வந்தால் தாங்குகிற பழக்கம், அதெல்லாம் நிலைத்த பிறகுதான் பழையது. பேச ஆரம்பித்த முதல் சில வாரங்கள் முன்னைவிட மோசமாகத் தோன்றலாம். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் அந்த நிமிஷமே அதே எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது யாராவது ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஜீப்பை வைத்து ஒன்று சொல்கிறேன். குமுளி மலை இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி நீங்கள் இறங்குவதில்லை. சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்று தெரியும். செகண்ட் கியரில் போட்டு வண்டியே வேகத்தைப் பிடித்துக்கொள்கிற மாதிரி இறக்குவீர்கள். இத்தனை வருஷமாக இந்தப் பழக்கத்தை நீங்கள் வெறும் பிரேக்கில் இறக்கப் பார்த்திருக்கிறீர்கள். கியர் என்பது ஏற்பாடு. மெட்டு ஏறும்போது பட்டன் போன் மட்டும் கையில் இருக்கட்டும். பெரிய போன் வீட்டில். வண்டியை ஒதுக்குப்புறமாக நிறுத்தாமல் மற்ற டிரைவர்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துங்கள். மூட்டை ஏற்றுகிற அன்றைக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சின்ன நோட்டில், எப்போது வேட்கை வந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, என்ன வாசம், யாரோடு சண்டை என்று ரெண்டு வார்த்தை எழுதுங்கள். வேட்கை ஏறும், அப்படியே நிற்காது, இறங்கும். இறங்குகிற வரை நடங்கள், முகம் கழுவுங்கள், யாரிடமாவது பேசுங்கள். தவறினால் அந்த நாளோடு முடிந்தது. மறுநாள் நோட்டைத் தொடருங்கள். தவறியதும் தன்னைக் கேவலமாகத் திட்டிக்கொள்வதுதான் அடுத்த தடவைக்கு விறகு தள்ளுகிறது.

உங்கள் வீட்டுக்காரம்மா விஷயம். உங்களுக்கு நடந்தது உங்கள் தப்பில்லை. அவர்களுக்கு நீங்கள் செய்தது உங்கள் பொறுப்பு. முதல் வேலையாக அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மற்ற பால்வினை நோய்களுக்கும் சேர்த்து. இலவசம், ரகசியம். லாட்ஜுக்குப் போனதை மறைத்து அவர்களைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். அவர்கள் உடம்பு சம்பந்தப்பட்டது அது, தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது, பரிசோதனையும் தேவை. பணம் எவ்வளவு போனது என்பதையும் சொல்லுங்கள். ஸ்டோர் கதையை எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் மன்னிப்பு வாங்குவதற்கான காரணமாக அதை முதல் நாளே எடுத்து வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆள் இன்னும் இருக்கிறாரா? அவர் பக்கத்தில் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொல்லுங்கள். உங்களுக்கு நடந்தது 2012க்கு முந்தியது என்பதால் அன்றைய சட்டம்தான் பொருந்தும். புகார் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக யோசனை கேட்கலாம். நடந்த இடம் இடுக்கி ஜில்லா, இங்கே வாங்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், அவர்கள்தான் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். கொடுக்க மனசில்லை என்றால் அதுவும் உங்கள் முடிவு. ஆனால் இன்றைக்கு ஆபத்தில் இருக்கிற பிள்ளை விஷயத்தில் மட்டும் சும்மா இருக்கக் கூடாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். செங்கோட்டை. யாருக்குத்தான் சின்ன வயதில் கஷ்டம் இல்லை? அடிவாங்காமல் வளர்ந்தவர் யார்? ஒழுக்கக் கேட்டுக்கெல்லாம் ‘குழந்தைப் பருவ பாதிப்பு’ என்று சர்டிபிகேட் கொடுத்தால் சாக்குப் போக்கு ஆகிவிடாதா?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பாட்ரிக் கார்ன்ஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1991இல் எழுதியபோது, இந்தச் சிக்கலுக்காகச் சிகிச்சைக்கு வந்தவர்களில் 81 சதவீதம் பேர் சின்ன வயதில் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள் என்றார். இந்த எண்ணைப் பலரும் திருப்பிப் போட்டுப் படிக்கிறார்கள். கொடுமைக்கு ஆளானவர்களில் 81 சதவீதம் பேர் இப்படி ஆவார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலோர் இப்படி ஆவதில்லை. தனக்கு நடந்ததை இன்னொரு பிள்ளைக்குச் செய்கிறவர்களாகவும் ஆவதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிக்கப்பட்டவர்கள் தன் பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறார்கள்.

ஆனால் காரணம் தெரிந்துகொள்வது சாக்கு ஆகாது. மலேரியா கொசுவால் வருகிறது என்று சொன்னால் மாத்திரை சாப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ‘ஒழுக்கம் கெட்டவன்’ என்ற பட்டத்தோடு என்னிடம் வந்தவர்களில் அந்தப் பட்டத்தால் திருந்திய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இன்னொன்று, அடிவாங்காமல் வளர்ந்தவர் யார் என்று கேட்டீர்கள். அடிவாங்கியும் நன்றாக வந்தவர்கள் பின்னால் பெரும்பாலும் ஒரு பெரியவர் இருந்திருப்பார். ஆச்சியோ, சித்தப்பாவோ, பள்ளிக்கூடத்து வாத்தியாரோ. நீங்களே யாருக்காவது அப்படி இருந்திருப்பீர்கள் ஐயா.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். கல்யாணமாகி எட்டு வருஷம். என் வீட்டுக்காரர் ராத்திரி ரெண்டு மணி வரை போனில் படம் பார்க்கிறார், யார் யாரோடோ சாட் செய்கிறார். கேட்டால் அழுகிறார், நாலு நாளில் மறுபடியும். சின்ன வயதில் அவருடைய அப்பா பெல்ட்டால் அடித்து ராத்திரி வெளியே நிறுத்திவிடுவாராம். பாவமாகவும் இருக்கிறது, அருவருப்பாகவும் இருக்கிறது. மாமியார், ‘நீ அவனுக்கு இஷ்டப்பட்ட மாதிரி நடந்துக்கிட்டா அவன் ஏன் போனைப் பார்க்கப் போறான்’ என்கிறார். நான் அழகாக இல்லாததுதான் காரணமா?

பதில்: இல்லைம்மா. உங்களைப் பார்ப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே, ராத்திரி வாசலில் நின்ற பையன் எதையாவது பிடித்துக்கொண்டு விடியும்வரை நேரத்தைத் தள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறான். ரெண்டு மணி வரை விழித்திருக்கிற பழக்கம் எங்கே தொடங்கியது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். தொட்டுச் செய்கிற கொடுமைதான் இந்த இடத்தில் கொண்டுவந்து விடும் என்று இல்லை. அடியும், ‘நீ எங்களுக்கு வேண்டாம்’ என்ற வெளியே தள்ளலும் போதும். மனசு நொறுங்கினால் தானாக அமைதியாகத் தெரியாத பெரியவர்களாக வளர்கிறார்கள். அமைதிக்கு ஏதாவது ஒன்று வெளியிலிருந்து தேவைப்படுகிறது. சிலருக்குக் குடி, சிலருக்கு இது.

பாவப்படுவதும் அருவருப்பதும் ரெண்டும் நியாயம். ஒன்றுக்காக இன்னொன்றை முழுங்க வேண்டாம். மாமியார் சொன்ன வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு மனசில்லாத நாளில் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அவர் படத்தில் பார்த்ததைச் செய்யச் சொன்னாலும் அப்படித்தான். நீங்கள் இணங்கினால் அவர் குணமாகப் போவதும் இல்லை, ஏனென்றால் குறை அந்த இடத்தில் இல்லை.

தினமும் அவர் போனை வாங்கிப் பார்க்கிறேன் என்று கடிதத்தில் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். அவரைத் திருத்தவில்லை, உங்கள் தூக்கத்தைத்தான் தின்கிறது. அதற்குப் பதிலாக அழாமல், கத்தாமல், பகலில் உட்கார்ந்து நிபந்தனையைச் சொல்லுங்கள். இந்த மாதத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும், போன் ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறைக்கு வெளியே, வீட்டுப் பணம் உங்கள் கணக்கில். நேரில் யாரையாவது சந்தித்திருக்கிறார் என்ற சந்தேகம் இருந்தால் ரெண்டு பேரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவர் அழுதால் அழட்டும், அழுகை சிகிச்சை ஆகாது. உங்களுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும். 14416 கேரளத்திலும் வேலை செய்யும். அடி, மிரட்டல் என்று போனால் பெண்கள் உதவி எண் 181.

கேள்வி: போடியிலிருந்து எழுதுகிறேன். மகளும் மருமகனும் மேலே மலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இருக்கிறார்கள். பேரன் இங்கே என்னிடம் இருந்து அஞ்சாம் வகுப்பு படிக்கிறான். லீவு விட்டால் துள்ளிக் குதித்துக்கொண்டு மேலே போகிற பையன், இந்த வருஷம் ‘போகமாட்டேன் அம்மாச்சி’ என்று ஒரே அடம். காரணம் கேட்டால் வயிற்றுவலி என்கிறான். ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று மகள் திட்டுகிறாள். அதட்டி அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. காரணம் சின்னதாகவும் இருக்கலாம். அங்கே ஒரு நாயைக் கண்டு பயந்திருக்கலாம், பையன்களோடு சண்டையாக இருக்கலாம். ஆனால் பிடித்த இடம் திடீரென்று பிடிக்காமல் போவது, காரணமில்லாத வயிற்றுவலி, இருட்டுக்குப் புதுப் பயம், மூன்றும் சேர்ந்து வந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எதிரில் உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். பூக்கட்டும்போதோ, அவனைப் பட்டாணி உரிக்க வைத்துக்கொண்டோ, கை வேலையாக இருக்கும்போது பேச்சுக் கொடுங்கள். ‘அங்கே போனா யார் கூட இருக்கப் பிடிக்கும், யார் கூட இருக்கப் பிடிக்காது?’ என்று கேளுங்கள். பிடிக்காத பேர் வந்தால் ‘அந்த ஆள் என்ன செய்வார்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். நீங்களாக எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். ஏதாவது சொன்னால், முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல், ‘நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல, அம்மாச்சி நம்புறேன்’ என்று சொல்லுங்கள். ‘ஏன் முன்னாடியே சொல்லல’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்ய வேண்டாம், ஏனென்றால் சொல்லியாக வேண்டும். 1098க்குப் பேசுங்கள், அடுத்து என்ன என்று அவர்கள் வழிகாட்டுவார்கள். சொந்தக்காரர் பேர் வந்தாலும் சரி, குடும்பத்துக்குள் பேசி முடிக்கலாம் என்று மருமகன் சொன்னாலும் சரி.

ஒன்றுமே சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை. விளக்கு எரியட்டும். லீவு முடிகிற வரை உங்கள் பாய்க்குப் பக்கத்திலேயே அவன் பாயையும் போடுங்கள். மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பையனைப் பார்க்க வேண்டும் என்றால் அவர்கள் கீழே இறங்கி வரட்டும்.